மதுரா, கோகுலம் போகிறவர்கள் கவனிக்க: வழியில் ஏறும் ‘கைடு’ முதல் பேடா கடை வரை

டெல்லியிலிருந்து வண்டி எடுத்து மதுரா, பிருந்தாவனம், கோகுலம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைப்பவர்கள், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். நான், அம்மா, சித்தி, சித்தப்பா நான்கு பேரும் போய்விட்டு வந்ததில் கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாய் போனது. யாரும் பிடுங்கவில்லை. மந்திரம் சொல்லி, மரியாதையாகக் கேட்டு, ரசீதும் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் நெடுநாள் ஆசை இது. 108 திவ்ய தேசங்களில் வடமதுரையும் (மதுரா) திருவாய்ப்பாடியும் (கோகுலம்) உண்டு என்பதால் அம்மாவுக்கு அந்த மண்ணை மிதித்துவிட வேண்டும். காலையில் கிருஷ்ண ஜன்மபூமி. அங்கே போன், பை எதையும் உள்ளே விடமாட்டார்கள், போலீஸ் சோதனை பலமாக இருக்கும், ஆனால் தரிசனம் ஒழுங்காக நடந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

சிக்கல் ஆரம்பிப்பது மத்தியானத்தில். அந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் பகலில் நடை சாத்தி, சாயங்காலம்தான் திறப்பார்கள். இடையில் இருக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரம்தான் இவர்களுடைய வியாபார நேரம். “இப்போ மதுராவில் எல்லாம் மூடியிருக்கும் சார், அதுக்குள்ளே கோகுலம் பார்த்துடலாம்” என்றார் டிரைவர். நியாயமாகத்தான் தெரிந்தது. யமுனையைத் தாண்டி ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் வண்டி மெதுவானது. நெற்றியில் சந்தனம், கழுத்தில் ஏதோ ஒரு அட்டை மாட்டிய ஆள் ஒருவர், நாங்கள் யாரும் கூப்பிடாமலேயே முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். “ராதே ராதே! நான் கைடு. இருநூறு ரூபாய்தான், அதுவும் கடைசியில் கொடுத்தால் போதும்.” டிரைவர் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆள் அங்கே நிற்பார் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

சந்து சந்தாக நடக்கவைத்து அவர் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒரு வீடு. பெயர்ப் பலகை இல்லை. ஊரில் மற்ற சன்னதிகள் சாத்தியிருந்த நேரத்தில் இது மட்டும் திறந்திருந்தது. உள்ளே டைல்ஸ் ஒட்டிய சுவர், சுவர் முழுக்கப் பெயர் பொறித்த பளிங்குத் துண்டுகள், நடுவில் ஒரு தொட்டிலில் சின்னக் கண்ணன். “நந்தகோபர் வீடு இதுதான், கண்ணன் தவழ்ந்த தரை” என்றார் கைடு. நந்தபவன் என்று பழைய தூண்களோடு பலரும் தேடிப்போகிற எண்பத்து நான்கு தூண் மண்டபம் பக்கத்தில் மகாவனத்தில் இருக்கிறது. அங்கே எங்களைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை.

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவர்களுடைய சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது.

பூஜாரி எங்களைத் தரையில் வரிசையாக உட்காரவைத்தார். “அம்மா, உட்காருங்க” என்று தமிழிலேயே சொன்னார். அம்மா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. தொட்டில் கயிற்றை ஆளுக்கு ஒரு முறை இழுக்கச் சொன்னார். பிறகு வலது உள்ளங்கையில் தீர்த்தம் ஊற்றி, மேலே ஒரு துளசி வைத்தார். கோத்திரம், நட்சத்திரம், இறந்துபோன பெரியவர்கள் பெயர் எல்லாம் கேட்டார். நம் ஊர்க் கோயிலிலும் கேட்பதுதானே, எல்லாரும் சொன்னோம். சங்கல்பம் ஆரம்பித்தது. அவர் ஒரு வரி சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதி சமஸ்கிருதம், பாதி ஹிந்தி. சித்தப்பாவுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். அதே ராகத்தில், அதே மூச்சில், “கௌ சேவா கே லியே... பாஞ்ச் ஹஜார் ஏக் சௌ” என்று பூஜாரி சொன்னதையும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டார். பசுக்களின் தீவனத்துக்கு ஐயாயிரத்து நூறு ரூபாய் தருவதாக, கையில் தீர்த்தத்தோடு, சாமி முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

எனக்கு ஹிந்தி ஓரளவு புரியும். நடுவில் நிறுத்தி, “இது என்ன தொகை?” என்று கேட்டேன். பூஜாரி கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டே, “கண்ணன் முன்னால் சொன்னது பாபுஜி. திருப்பி எடுத்தால் எனக்கு ஒன்றும் இல்லை, உங்கள் குடும்பத்துக்குத்தான் நல்லதில்லை” என்றார். இதைக் கேட்டதும் அம்மாவுக்கும் சித்திக்கும் முகம் மாறிவிட்டது. சித்தி, “அக்கா, விடு, கொடுத்துட்டுப் போயிடலாம்” என்று காதோடு சொன்னார். கையில் இருக்கும் தீர்த்தத்தைக் கீழே போடவும் முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. பின்னால் கைடு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார். என் பங்குக்குக் குறைந்தபட்சம் இரண்டாயிரத்து நூறு என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டார்கள். “கையில் பணம் இல்லை” என்றால் அதற்கும் வழி இருக்கிறது: சாமி பீடத்துக்குக் கீழேயிருந்து க்யூஆர் அட்டை வெளியே வந்தது. ஸ்கேன் செய்ததும் போனில் தெரிந்தது டிரஸ்ட் பெயர் இல்லை, தனிமனிதர் ஒருவரின் பெயர். ரசீதிலும் கோசாலையின் முகவரியோ பதிவு எண்ணோ கிடையாது. பசு படம் மட்டும் அழகாக இருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் மாட்டினால் ஒன்று செய்யுங்கள். சங்கல்பத்தில் ஹிந்தி எண் காதில் விழுந்த உடனே வாயை மூடிவிடுங்கள். ஹஜார் என்றால் ஆயிரம், சௌ என்றால் நூறு. இந்த இரண்டையும் வீட்டுப் பெரியவர்களுக்கு வண்டியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். காணிக்கை போட மனசிருந்தால் உண்டியலில் போடுங்கள். நெருக்கி, தொகை சொல்லி, சாபம் கலந்து கேட்கும் இடத்தில் கொடுக்காமல் வந்தால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது என்பது என் கருத்து. அம்மா இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் கைடு முகத்தில் புதுத் தெம்பு. “பிரசாத பேடா வாங்காமல் போகக்கூடாது, நல்ல பழைய கடை இருக்கு” என்றார். மதுராவுக்குப் பேடா என்பது திருநெல்வேலிக்கு அல்வா மாதிரி. யார் போனாலும் வீட்டில் எதிர்பார்ப்பார்கள். பேர்போன கடை ஒன்றின் பெயரோடு முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல் சேர்த்துக்கொண்டு அங்கே தெருவுக்குத் தெரு கடைகள் உண்டு. எங்களை நிறுத்தியதும் அப்படி ஒரு கடைதான். பலகையில் ‘அசலி’, ‘புராணி’ (அசல், பழையது) என்று இரண்டு முறை எழுதியிருந்தது. ருசி பார்க்கக் கொடுத்த பேடா நன்றாகவே இருந்தது. கிலோ 640 ரூபாய் என்று மூன்று கிலோ சொன்னோம். பெட்டி கட்டியது முன்தட்டிலிருந்து இல்லை, உள்ளே திரைக்குப் பின்னால். பில் கேட்டதற்கு அட்டைப் பெட்டியின் மேலேயே பேனாவால் தொகையை எழுதிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் மதுராவுக்குத் திரும்பி துவாரகாதீசர் கோயிலுக்குப் போனோம். 1814-இல் கட்டியது, விஷ்ராம் காட் என்ற யமுனைப் படித்துறைக்குப் பக்கத்தில். ஹோலி கேட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் அந்தக் குறுகலான கடைவீதியில் கைடும் இல்லை, டிரைவரும் இல்லை. வண்டி உள்ளே வராது. அங்கே ஒரு கடை வாசலில் பெரிய இரும்பு வாணலியில் கோவா வறுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பால்கோவா வெள்ளையாக இருக்கும்போதே இறக்கிவிடுவதில்லை. சின்னத் தீயில், அடிபிடிக்காமல், கைவிடாமல் புரட்டிப் புரட்டி, வெளிர் பழுப்பு, பழுப்பு, பிறகு நல்ல செம்பழுப்பு ஆகும்வரை வறுக்கிறார்கள். பச்சைப் பால் வாசனை போய், கருகலுக்கு ஒரு படி முன்னால் ஒரு மணம் வரும். ஆறியபின் பொடித்த சர்க்கரையும் ஏலக்காயும் பிசைந்து, கையால் உருட்டித் தட்டி, மறுபடி சர்க்கரைத் தூளில் புரட்டுகிறார்கள். சூடு ஆறாத பேடா ஒன்றை வாங்கிப் பிட்டால் மணல்மணலாக உதிர்ந்தது. நாக்கில் முதலில் சர்க்கரை, அப்புறம் வறுத்த பாலின் லேசான கசப்பு கலந்த இனிப்பு. அதுதான் மதுரா பேடா.

வண்டிக்குத் திரும்பி எங்கள் பெட்டியைத் திறந்து ஒன்றைப் பிட்டேன். வழவழவென்று ஒட்டியது. விரலில் பழுப்பு நிறம் இறங்கியது. வறுத்து வந்த நிறமாகத் தெரியவில்லை. கலந்த நிறம் என்றுதான் தோன்றியது. மேல் அண்ணத்தில் டால்டா படிந்த மாதிரி ஒரு பிசுக்கு, வாய் கொப்பளித்தும் போகவில்லை.

சென்னை வந்ததும் சித்தி விடவில்லை. பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்தவர். பேடாவில் ஒரு துண்டைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, முதலுதவிப் பெட்டியிலிருந்த டிங்க்சர் அயோடினில் இரண்டு சொட்டு விட்டார். கருநீலம். மாவுச்சத்து கலந்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் பாலும் சர்க்கரையும் என்றால் நீலம் வராது. ஹோலி கேட் பக்கம் வாங்கிய பேடாவிலும் அதே சோதனை செய்தார். அயோடின் நிறம் அப்படியே இருந்தது. ஒரு கிலோ பெட்டியைப் பிரித்து எடை போட்டதில் 860 கிராம்தான் இருந்தது. மீதி எடை அட்டைக்கு. இனிப்பைப் பெட்டியோடு சேர்த்து எடை போட்டுக் காசு வாங்குவது எடையளவுச் சட்டப்படி குற்றம், மதுராவிலும் சரி, மயிலாப்பூரிலும் சரி. சில்லறையாக விற்கும் இனிப்புத் தட்டில் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும் என்பதும் 2020 அக்டோபரிலிருந்து விதி. எங்களைக் கூட்டிக்கொண்டு போன கடையில் ஒரு தட்டிலும் தேதி கிடையாது. அந்தத் தேதியைப் பார்க்காமல் நான் இப்போது எந்த ஊரிலும் இனிப்பு வாங்குவதில்லை.

ஒரு வேடிக்கை. கோகுலம் பக்கம் பிரம்மாண்ட காட் என்று யமுனைக் கரையில் ஓர் இடம். கண்ணன் மண்ணைத் தின்று, வாயைத் திறந்து உலகத்தைக் காட்டியது அங்கேதான் என்பார்கள். அங்கே பிரசாதமாக விற்பது மண் பேடா. நிஜமாகவே களிமண், பேடா மாதிரி தட்டிக் காயவைத்தது. மண் என்று சொல்லி மண்ணை விற்கிறார்கள். அன்றைக்கு கோகுலத்தில் நாங்கள் வாங்கியதில் சொன்னபடி இருந்த ஒரே பொருள் அதுதான்.

பிருந்தாவனத்தில் பாங்கே பிஹாரி கோயில் நெரிசலைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். குரங்கு மட்டும் ஜாக்கிரதை. மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மேலே ஏறிவிடும். ஒரு ஜூஸ் பாக்கெட்டை வீசினால்தான் கீழே போடும். அதை மீட்டுத் தருவதற்கென்று பையன்கள் காசுக்கு நிற்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

அங்கே நம்மவர்கள் தவறவிடக்கூடாத இடம் ரங்கஜி மந்திர். மதுராவின் சேட் குடும்பத்தார் கட்டி 1851-இல் முடித்தது. ஸ்ரீரங்கத்தை மனதில் வைத்துக் கட்டிய கோயில். நம் ஊர்க் கோபுரம், பெரிய துவஜஸ்தம்பம், உள்ளே ஆண்டாள் ரங்கமன்னார். பூஜையும் தென்னாட்டு வைஷ்ணவ முறைதான். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, தொகை சொல்லவில்லை. பெரிய பிராகாரத்தில் அம்மா நிம்மதியாக உட்கார்ந்து திருப்பாவை சொன்னார். மத்தியான இடைவெளியைக் கோகுலத்து சந்துகளில் தொலைக்காமல், சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுத்து, நடை திறந்ததும் நேராக இங்கே வந்திருந்தால் மனசுக்கும் காலுக்கும் நன்றாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் வண்டி ஏஜென்சிக்குப் போன் செய்தேன். “கைடை நீங்கள்தானே சார் ஏற்றிக்கொண்டீர்கள், நாங்கள் அனுப்பவில்லையே” என்றார்கள். டிரைவர் வண்டியை மெதுவாக்கி அவரை ஏறவிட்டது, கடை வாசலில் அவருக்கு டீயும் ஒரு கவரும் வந்தது எல்லாம் சொன்னேன். “அந்த டிரைவரை இனிமேல் உங்களுக்கு அனுப்ப மாட்டோம்” என்று பதில். எங்களுக்கு அனுப்ப மாட்டார்களாம். பணம் திரும்பவில்லை. பேடா விஷயமாகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். பேசியவர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் பில் இல்லாமல், கடையின் முகவரி இல்லாமல் என்ன செய்வது? அட்டைப் பெட்டியில் எழுதிய 1920 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது.

ஆகவே வண்டி பேசும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வழியில் வெளியாள் யாரும் ஏறக்கூடாது, நாங்கள் சொல்லாத கடையில் நிறுத்தக்கூடாது, கோகுலம் போவதானால் மகாவனம் எண்பத்து நான்கு தூண் மண்டபத்தில்தான் இறக்கிவிட வேண்டும். இந்த மூன்றுக்கும் சரி என்று பதில் வராவிட்டால் வேறு வண்டி பாருங்கள். டெல்லியில் வண்டிக்கா பஞ்சம்?