தூசு மீட்டர்: நான்கு மாதப் பாவனைக்குப் பிறகு

மகளுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா). 2022 டிசம்பரில் இலங்கையில் காற்றில் தூசு கூடிப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்களே, அன்றிலிருந்தே வீட்டில் ஒரு பி.எம். 2.5 மீட்டர் (2.5 மைக்ரோமீட்டருக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டரைப் பங்குக்கு, உட்பட்ட நுண் தூசை அளக்கும் கருவி) வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் போன நவம்பரில்தான் கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளங்கை அளவுதான். சின்ன விசிறி காற்றை உள்ளே இழுக்கும், லேசர் ஒளி தூசில் பட்டுச் சிதறுவதை வைத்து, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசு என்ற எண்ணைக் காட்டும்.

வீட்டுக்குள் நன்றாக வேலை செய்கிறது. கடுகு வெடிக்கத் தொடங்கியதும் 22இல் நின்ற எண் 60, 110 என்று ஏறி, செத்தல் மிளகாய் கருகியபோது 190ஐத் தொட்டது. நுளம்புச் சுருள் கொளுத்திய அறையில் இரவு முழுக்க 150க்குக் கீழே இறங்கவே இல்லை. உலக சுகாதார அமைப்பு 24 மணி நேரச் சராசரிக்குச் சொல்லும் அளவு வெறும் 15. மறுநாளே சுருளை நிறுத்திவிட்டு நுளம்பு வலை கட்டினோம், அதற்கே கொடுத்த காசு சரி.

குழப்பம் பால்கனியில்தான். விடியப்புறம் கொழும்பின் கடலோரப் பெருந்தெருவான காலி வீதியில் பஸ் ஓடத் தொடங்கும் முன்பே 64 காட்டும், மத்தியான நெரிசலில் 35. பழுது என்று கடைக்குக் கொண்டுபோய், விடியப்புற ஈரப்பதம்தான் காரணமோ என்றும் கேட்டேன். ஈரப்பதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. விடியற்காலையில் தூசு மேலே கிளம்பாமல் தாழத் தேங்குவது ஒரு காரணம், மற்றது, கடல் உப்பு, சல்பேட் போன்ற துணிக்கைகள் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும், மீட்டர் அந்தத் தண்ணீரையும் தூசென்று எண்ணிவிடும்.

இது தெரிந்த பிறகு எனக்கு மீட்டர் மேல் இருந்த கோபம் போய்விட்டது, ஏனென்றால் மேலே முகில் உண்டாவதும் இப்படித்தான். நீராவி சும்மா துளியாகாது, ஒட்டிக்கொள்ள ஒரு துணிக்கை வேண்டும். தூசு கூடினால் இருக்கிற தண்ணீர் பலவாகப் பங்குபோய்த் துளிகள் சிறுத்துவிடும், முகில் இன்னும் வெளுத்து வெயிலைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும், மழை விழச் சுணங்கும். பூமி சூடாவதில் ஒரு பங்கை இப்படி இந்தத் தூசு மறைத்துக்கொண்டிருக்கிறது. இடிமுகிலில் கதை வேறு: சிறு துளிகள் மழையாக இறங்காமல் உறைநிலை உயரத்துக்குப் போய் ஐஸாகி, ஒன்றோடொன்று மோதி மின்னேற்றம் பெறும். நமக்குக் கிழக்கே சுமாத்ரா பக்கம் போகும் கப்பல் பாதைக்கு மேலே, பக்கத்துக் கடலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்னல் வெட்டுகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது, காரணம் கப்பல் புகை. 2020இல் கப்பல் எண்ணெயில் இந்தப் புகைத் துணிக்கைகளைக் கூட்டும் கந்தகத்தின் வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5க்கு இறக்கிய பிறகு சிங்கப்பூர்ப் பக்கத்தில் அந்த மின்னல் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது.

ஆனால் முகிலுக்கு விதையாகும் துணிக்கைகள் பெரும்பாலும் 0.1 மைக்ரோமீட்டர் அளவு, இந்த மாதிரி லேசருக்கு 0.3க்குக் கீழே கண் தெரியாது, அதனால் அவற்றை என் மீட்டர் எண்ணுவதில்லை.

வாங்குவதென்றால் ஈரப்பதமும் காட்டும் மாடலாகப் பாருங்கள், அது 85 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்போது வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பேட்டரி 5 மணி நேரம்தான் நிற்கிறது, விசிறிச் சத்தம் இரவில் கேட்கும். கடல் பக்க ஜன்னலில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, எண் ஏறினால் அவளே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறாள்.