கீவேர்டு தேட: கூகுள் பரிந்துரையா, சர்ச் கன்சோலா?

வலைப்பூவுக்கான கீவேர்டுகளை, அதாவது மக்கள் கூகுளில் அடிக்கும் தேடல் சொற்களை, கண்டுபிடிக்க இரண்டு வழிகள். இரண்டும் இலவசம்தான், ஆனால் செய்யும் வேலை வேறு.

கூகுள் பரிந்துரை (தேடல் பெட்டியில் அடிக்கும்போதே கீழே வரும் பட்டியல்): இன்று தொடங்கிய வலைப்பூவுக்கும் உதவும். இன்காக்னிட்டோவில் (உங்கள் பழைய தேடல்கள் கலக்காத உலாவிச் சாளரம்) ‘மாடித்தோட்டம்’ என்று அடித்து, இடைவெளி விட்டு அ, க, ச என ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். தங்கிலீஷில் அடித்தால் வேறு பட்டியல் வரும், அதையும் விடாதீர்கள். எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது.

சர்ச் கன்சோல் (உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுளின் கருவி): எண்கள் உண்டு, கடந்த 16 மாதம் வரை. ஆனால் உங்கள் பதிவு ஏற்கெனவே தேடலில் தோன்றிய சொற்கள் மட்டுமே வரும். தேடல் முடிவுகளில் சராசரி இடம் 8 முதல் 20, இம்ப்ரெஷன் (தேடலில் தோன்றிய தடவைகள்) அதிகம், கிளிக் குறைவு: இப்படிப்பட்ட சொற்களைப் பிடியுங்கள். அதற்குப் புதுப் பதிவு எழுதினால் உங்கள் பக்கங்களே ஒரே தேடலுக்காக ஒன்றோடொன்று மோதலாம். பழைய பதிவிலேயே துணைத்தலைப்பாகச் சேருங்கள்.

புதியவர்களுக்குப் பரிந்துரை போதும். தேடல் வழியே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டால் முதலில் கன்சோல்.