குளிரில் மக்கர் பண்ணும் குளுக்கோமீற்றர்: நுவரெலியாப் பக்கம் வாங்க நினைப்பவர்களுக்கு

விரல் நுனி இரத்தத்தில் சீனி பார்க்கிற இந்தக் குளுக்கோமீற்றர் மெஷின் விலை இறங்கியதிலிருந்து, புதிதாகச் சீனி வருத்தம் வந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இதை வாங்கலாமா? நெடுநாளாகப் பாவிக்கிற ஆளாகச் சொல்கிறேன். ஸ்ட்ரிப் என்கிற சிறு பட்டையைச் செருகி, அதில் இரத்தம் தொட்டு, சில செக்கனில் எண் காட்டுகிற சாதாரண மெஷின்தான். மெஷின் மலிவு, ஸ்ட்ரிப்தான் காசைத் தின்னும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

குறை ஒன்றுதான், ஆனால் விடாத குறை. இது வேலை செய்வது 10 முதல் 40 பாகை செல்சியஸ் வரை என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் மார்கழி, தை விடியற்காலையில் அதற்குக் கீழே இறங்குவது சாதாரணம். உறைபனி விழுகிற நாளும் உண்டு. தகரம் போட்ட லயத்துக் காம்பராவுக்குள்ளும் அதே குளிர்தான். வெறும் வயிற்றில் பார்க்க வேண்டியதும் அந்த நேரத்தில்தான். திரையில் வெப்பமானிப் படம் வந்து மெஷின் அப்படியே நிற்கும். அதைக் கவனிக்காமல் இரத்தம் தொட்டால் ஸ்ட்ரிப் வீண். மலைநாட்டில் விற்கிற சாமானுக்கு இதைக் கடையில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சமாளிக்க வழி இருக்கிறது. மெஷினையும் மூடிய ஸ்ட்ரிப் டப்பாவையும் இரவே கம்பளிக்குள், தலையணை ஓரமாக வையுங்கள். அடுப்பங்கரையில் வைக்க வேண்டாம். 30 பாகைக்கு மேல் ஸ்ட்ரிப் கெடும். கேத்தல் ஆவி இன்னும் மோசம். ஸ்ட்ரிப்பில் பூசியிருப்பது உலர்ந்த நொதி. ஈரம் ஏறினால் பிழைக்குறி வரும், அல்லது பிழை என்றே தெரியாத பொய் எண் வரும். மூடுபனி வீட்டுக்குள் நுழைகிற ஊரில் ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு டப்பாவை அழுத்தி மூடிவிட வேண்டும். டப்பாவைத் திறந்த திகதியை அதன் மேலேயே எழுதுங்கள். பல வகைகளுக்குத் திறந்த பிறகு மூன்று மாதம்தான் ஆயுள்.

அடுத்தது விரல். குளிரில் இரத்தம் வராது. வராத விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து எண் பிசகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, கொஞ்ச நேரம் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து நுனிப் பக்கமாக நீவுங்கள். கொழுந்து பறிக்கிறவர்களுக்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் காய்த்துப்போயிருக்கும்; மோதிரவிரலின் பக்கவாட்டில் குத்துங்கள். பழம் உரித்த கையோடு குத்தினால் இல்லாத சீனியை மெஷின் காட்டும்.

இத்தனையும் செய்து கிடைக்கிற விடியற்காலை எண், எந்தச் சாப்பாடு ஒத்துவரவில்லை என்று சொல்லாது. அது பெரும்பாலும் இரவில் ஈரல் விடுகிற சீனி. வெறும் வயிற்று இரத்தத்தைக் கிளினிக்கிலும் பார்ப்பார்கள். இன்சுலின் போடாதவர், டொக்டரும் தினம் பார்க்கச் சொல்லாதவர் என்றால், ஸ்ட்ரிப்பைச் சாப்பாட்டுக்குச் செலவழியுங்கள். சாப்பிடுமுன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. பொதுவாக இரண்டாவது எண் 180க்குக் (mg/dL கணக்கில்) கீழே நிற்க வேண்டும். மெஷினுக்கு 15 வீதம் வரை முன்பின் போகச் சர்வதேசத் தரமே இடம் கொடுக்கிறது. 150 என்றால் உண்மையில் 130 ஆகவோ 170 ஆகவோ இருக்கலாம். ஆகவே பத்துப் புள்ளி ஏறியதற்காக ஒரு கறியைத் தள்ளி வைக்காதீர்கள். ஒரே சாப்பாட்டை இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

இந்த இடத்தில்தான் இந்த மெஷின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு. குரக்கன் ரொட்டி என்றால் எத்தனையும் சாப்பிடலாம் என்கிற பேச்சை இது ஒரே வாரத்தில் உடைத்துவிடும். 100 கிராம் கோதுமை மாவில் மாச்சத்து ஏறக்குறைய 75 கிராம், குரக்கன் மாவிலும் 70 அளவில். குரக்கனில் நார் கூடுதல், ஏற்றம் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். மூன்று ரொட்டியை இரண்டாக்கி, பக்கத்தில் கெட்டிப் பருப்போ அவித்த கடலையோ முட்டையோ வைத்தால் எண் இறங்குவதைக் கண்ணால் காணலாம். தேங்காய் கூடினால் ஏற்றம் பிந்தும். அந்தச் சாப்பாட்டுக்கு மூன்றாவது மணியிலும் ஒரு தடவை பாருங்கள். கோவா, போஞ்சி, லீக்ஸ், முள்ளங்கிக்குப் பயமில்லை. உருளைக்கிழங்கைக் கறியாக நினைக்காமல் சோற்றோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

தேத்தண்ணி இரண்டு மணி நேரக் கணக்கில் தப்பிவிடும். சீனி போட்ட தேத்தண்ணி அரை மணி, ஒரு மணிக்குள் உச்சிக்கு ஏறி, பிறகு இறங்கிவிடும். அதை ஒரு மணியில் பார்க்க வேண்டும். கிளாசுக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு ஐந்து கிளாஸ் என்றால் 40 கிராமுக்குக் குறையாத சீனி. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தாலும் ஏறத்தான் செய்யும்.

இன்னொன்று. மலைக்கு வேலைக்குப் போகிற நாளில் சாப்பிட்ட அதே ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் கூட்டிக் காட்டும். ஏற்றத்தில் ஏறுகிற கால் தசை சீனியை எரிக்கிறது. ஆகவே ஞாயிறும் பாருங்கள். கிளிக்லசைட், டொல்பியூட்டமைட் போல, சீனியை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடிய குளிசை எடுப்பவர்கள் மலைக்குச் சீனிப் பொட்டலம் இல்லாமல் போகவே கூடாது. வியர்த்து, நடுங்கி, எண் 70க்குக் கீழே போனால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு மெஷின் கூட்டிக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் கூடி வரலாம். தோட்டத்துப் பெண்களில் இது அதிகம். எண் நம்ப முடியாதபடி இருந்தால் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு புகழ்ந்தும், நுவரெலியாப் பக்கத்து ஆட்களுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். 5, 6 பாகையிலும் வேலை செய்கிற மெஷின்கள் இருக்கின்றன. கடையில் கையேட்டை விரித்து அந்த எண்ணைப் பார்த்து, ஸ்ட்ரிப் உங்கள் ஊர் பாமசியில் எப்போதும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். கண்டி, மாத்தளையில் இருப்பவர்கள் இதையே வாங்கலாம்.