அச்சைச் சாய்ப்பதா, நேராக வைப்பதா?

சாய்தளக் கணக்கா, எக்ஸ் அச்சைச் சாய்த்துவிடு, தளத்தின் செங்குத்து விசை (தளம் தனக்குச் செங்குத்தாகப் பொருளைத் தள்ளும் விசை) எம்ஜி காஸ் தீட்டா, அதாவது எடை பெருக்கல் சாய்வுக் கோணத்தின் கோசைன், என்று எழுது. பதினோராம் வகுப்பில் இப்படித்தான் மனப்பாடம் ஆகிறது. அச்சை எதற்காகச் சாய்க்கிறோம் என்பது மட்டும் விட்டுப்போகிறது. அதனால்தான் அடுத்த பாடத்திலேயே இந்த வரி காலை வாருகிறது.

முதலில் சாய்தளம். சாய்வு 30 டிகிரி, உராய்வு இல்லை, ஒரு கட்டை சறுக்கி இறங்குகிறது. அச்சைத் தளத்தோடு சாய்த்தால் கட்டையின் முடுக்கம் முழுக்க ஒரே அச்சில் விழுகிறது. மற்ற அச்சில் முடுக்கம் பூஜ்யம். பிரிக்க வேண்டியது எடையை மட்டும்தான். முடுக்கம் 9.8-இல் பாதி, அதாவது 4.9 மீ/வி². செங்குத்து விசை எடையில் 0.87 பங்கு. இரண்டு வரியில் கணக்கு முடிந்தது.

அச்சுகளைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் வைத்தால் எடையைப் பிரிக்க வேண்டாம். ஆனால் செங்குத்து விசையைப் பிரிக்க வேண்டும், முடுக்கத்தையும் பிரிக்க வேண்டும். தெரியாதவை மூன்று, நியூட்டன் விதி தரும் சமன்பாடுகளோ இரண்டு. மூன்றாவதை வடிவியலிலிருந்து எடுக்க வேண்டும்: கட்டை தளத்தை விட்டு எழும்பாது, ஆகவே 1 மீட்டர் இறங்கினால் கிடையாக 1.73 மீட்டர் நகர்ந்திருக்கும். போட்டுப் பார்த்தால் கிடையில் 4.24, கீழ்நோக்கி 2.45 வரும். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் அதே 4.9. தேர்வில் இந்த வழி நேர விரயம்தான். ஆனாலும் ஒருமுறையாவது வீட்டில் போட்டுப் பார்க்கலாம். அச்சு மாறினால் கூறுகள்தான் மாறும், வெக்டர் (அளவும் திசையும் சேர்ந்த கணியம்) அப்படியே இருக்கும் என்பது அப்போதுதான் மனதில் நிற்கும்.

அடுத்தது, வெளிவிளிம்பு உயர்த்திய வளைவுப் பாதை. அதே 30 டிகிரி வைத்துக்கொள்வோம். (சாலைகள் இவ்வளவு சாய்வதில்லை, சைக்கிள் பந்தயத்துக்கான வெலோட்ரோம் வளைவுகள் 40 டிகிரியையும் தாண்டும்.) படம் பார்க்கச் சாய்தளம் போலவே இருப்பதால் கை தானாக அச்சைச் சாய்த்து, எம்ஜி காஸ் தீட்டா என்று எழுதிவிடும். அது தவறு. வண்டி சரிந்து இறங்கவில்லை. கிடைத்தளத்தில் வட்டமடிக்கிறது, முடுக்கம் கிடையாக வட்டத்தின் மையத்தை நோக்கி இருக்கிறது. நேரான அச்சில் எழுதினால் செங்குத்து விசையின் மேல்நோக்கிய கூறு எடைக்குச் சமம், கிடைக் கூறு மையநோக்கு விசை. உராய்வே தேவைப்படாத வேகத்தில் செங்குத்து விசை எடையைப் போல் 1.15 மடங்கு. மனப்பாட வரி தருவதோ 0.87.

இங்கேயும் அச்சைச் சாய்க்கலாம், முடுக்கத்தையும் மறக்காமல் பிரித்தால். அந்த வேகத்தை மட்டும் கேட்டிருந்தால் அது இன்னும் சுருக்கம்: சரிவு திசையில் செங்குத்து விசை வரவே வராது, ஒரே சமன்பாடு போதும். இருந்தும் என் ஓட்டு நேரான அச்சுக்குத்தான். முடுக்கத்தைப் பிரிக்க மறப்பவர்கள் அத்தனை பேர். ஆக, தளம் சாய்ந்திருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, முடுக்கம் எந்தப் பக்கம் என்று பார்த்து அச்சைப் போடுங்கள்.

தனி ஊசலில் முடுக்கத்தின் திசையே மாறிக்கொண்டிருக்கிறது. கார்ட்டீசியன் அச்சில் (கிடை, நிலைக்குத்து என்ற இரண்டு நேர் அச்சுகளில்) எழுதினால் நூலின் இழுவிசை இரண்டு சமன்பாட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். துருவ ஆயத்துக்கு (மையத்திலிருந்து தூரம், கோணம் என்று இடத்தைக் குறிக்கும் முறைக்கு) மாறினால் இழுவிசை முழுக்க ஆர திசையில் போய்விடும், தொடுகோட்டுத் திசையில் எடையின் கூறு மட்டுமே மிஞ்சும். சிறு கோணத்துக்கு அலைவு நேரம் அங்கிருந்தே வந்துவிடுகிறது. 1 மீட்டர் நூலுக்குச் சுமார் 2 விநாடி.

அதற்காக எல்லாவற்றுக்கும் துருவ ஆயம் என்று கிளம்ப வேண்டாம். எறிபொருளுக்குக் கார்ட்டீசியன்தான், யோசிக்கவே தேவையில்லை. வெக்டர்களைக் கூட்டவும் அதுவே. கிழக்கே 3 கி.மீ., அப்புறம் வடக்கே 4 கி.மீ. நடந்தால் புறப்பட்ட இடத்திலிருந்து 5 கி.மீ. தொலைவில் நிற்பீர்கள். துருவ எண்களை அப்படியே கூட்டினால் 7 கி.மீ., 90 டிகிரி என்று வரும். சுத்த அபத்தம்.

கூட்டிய பிறகு கோணம் கேட்டால் மட்டும் கால்குலேட்டரை அப்படியே நம்பாதீர்கள். இரண்டு கூறுகளும் குறையெண்ணாக, −3, −4 என்று இருந்தாலும் தலைகீழ் டேன் (டேன் மதிப்பிலிருந்து கோணத்தைத் தரும் பொத்தான்) 53 டிகிரி என்றே காட்டும். உண்மையான கோணம் 233.