மேல்வாய் கட்டி: சாதாரணமா, கேன்சரா? வலி இல்லைங்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க

அண்ணத்துல ஒரு கட்டி தட்டுப்பட்டா எல்லாரும் முதல்ல பார்க்கறது வலிக்குதாங்கிறதைத்தான், வலி இல்லைன்னா சாதாரண கட்டிதான்னு மாசக்கணக்குல, சில பேர் வருஷக்கணக்குல கூட தள்ளிப் போட்டுடறாங்க. இந்த ஒரு இடத்துல அந்தக் கணக்கு ரொம்ப ஆபத்து, ஏன்னா இங்க வர்ற கேன்சர்ல சில வகை மெதுவா, ஆரம்பத்துல வலியே இல்லாம, மேல இருக்கற தோல் கூட உடையாம வளரும்.

காரணம் அங்க என்ன இருக்குங்கறதுலதான். நம்ம வாய்க்குள்ள 600ல இருந்து 1000 வரைக்கும் சின்னச் சின்ன உமிழ்நீர் சுரப்பிகள் இருக்கு, அதுல நிறைய அண்ணத்துலதான், குறிப்பா முன்னாடி இருக்கற கெட்டியான பகுதியும் பின்னாடி இருக்கற மெத்துன்னு பகுதியும் சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும். காதுக்கு முன்னாடி இருக்கற பெரிய உமிழ்நீர் சுரப்பியில கட்டி வந்தா 100ல சுமார் 80 சாதாரண கட்டி, ஆனா இந்தச் சின்னச் சுரப்பிகள்ல வர்ற கட்டிகள்ல கிட்டத்தட்ட பாதி கேன்சர். பாதிக்குப் பாதிங்கற இடத்துல உட்கார்ந்து பொறுத்துப் பார்ப்போம்னு சொல்றது சரியே இல்லைங்கறது என் கருத்து.

முதல்ல பயப்பட வேண்டாததைச் சொல்லிடறேன். நட்ட நடுவுல, கல்லு மாதிரி கெட்டியா, மேல தோல் நார்மலா, ரொம்ப வருஷமா அப்படியே இருந்தா அது பெரும்பாலும் டோரஸ்னு சொல்ற எலும்புப் புடைப்பு, பல்செட் போட இடைஞ்சலா இருந்தாலொழிய ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை. பல்லுக்குப் பக்கத்துல வீங்கி, வலிச்சு, சீழ் வந்து, வடிஞ்சு, மறுபடி வீங்குதுன்னா பல் வேர்ல இருந்து வர்ற சீழ்க்கட்டியா இருக்கலாம், பல் எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரிஞ்சிடும். நடுவுல இல்லாம ஒரு பக்கமா, பின்னாடி தள்ளி வர்ற கட்டிதான் கவனமா பார்க்க வேண்டியது.

அங்க வர்ற சாதாரண கட்டிகள்ல ரொம்ப அதிகமா வர்றது பிளியோமார்ஃபிக் அடினோமா. கெட்டியா, உருண்டையா, வலி இல்லாம, வருஷக்கணக்குல மெதுவா வளரும். இதுக்கு நேர் எதிர்ல நிறுத்த வேண்டியது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாங்கற சுரப்பி கேன்சர், அதுவும் கெட்டியா, மெதுவா, தோல் உடையாம, பல நேரம் வலி இல்லாமத்தான் வளரும், அதனால பார்வைக்கு ரெண்டையும் பிரிக்கறது அனுபவமுள்ள டாக்டருக்கே கஷ்டம். வித்தியாசம் உள்ளதான் இருக்கு. முதல் கட்டி வளர்ந்தா எலும்பை மெல்ல அழுத்திக் குழி ஆக்கும், ஆனா அரிச்சுக்கிட்டு உள்ள போகாது. ரெண்டாவது நரம்பைப் பிடிச்சுக்கிட்டு அது வழியாவே மேல ஏறும், அண்ணத்து நரம்பு போற சின்ன எலும்புத் துளைக்குள்ள புகுந்து மண்டையோட்டு அடி வரைக்கும் போகலாம். அதனால அண்ணமோ கன்னமோ மரத்துப் போற மாதிரி இருந்தா, குறுகுறுன்னு இருந்தா, வலியை விட அதுக்குத்தான் நீங்க பதறணும்.

மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமாங்கற இன்னொரு சுரப்பி கேன்சர் வேற விதமா ஏமாத்தும். வீரியம் குறைஞ்ச வகை லேசா நீலம் பாரிச்சு, மெத்துன்னு, தண்ணிக் கொப்புளம் மாதிரியே இருக்கும், ஊசியால குத்தி விட்டா சரியாகிடும்னு நினைக்கத் தோணும். சின்ன வயசுக்காரங்களுக்கும் இது வரும், வயசை வச்சு ஒதுக்கிட முடியாது.

இதுங்களோட ஒப்பிட்டா, சுரப்பில இல்லாம வாயோட மேல் தோல்ல வர்ற ஸ்குவாமஸ் செல் கார்சினோமாங்கற கேன்சர் கொஞ்சம் வெளிப்படையானது. ஆறாத புண், ஓரம் தடிச்சு, சிவப்பும் வெள்ளையுமா திட்டு, தொட்டா ரத்தம். புகையிலையும் மதுவும்தான் பெரிய காரணம், எரியற முனையை வாய்க்குள்ள வச்சுப் புகைக்கறவங்களுக்கு அண்ணத்துல இது அதிகம், பின் அண்ணத்துல எச்பிவி வைரஸுக்கும் பங்கு உண்டு. கருப்பா ஒரு திட்டு புதுசா வந்து பரவுதுன்னா அதைத் தனியா கவனிக்கணும், வாய்க்குள்ள மெலனோமா (நிறமி செல்கள்ல வர்ற கேன்சர்) அதிகமா வர்ற இடங்கள்ல அண்ணம் முக்கியமானது.

தலைகீழா ஏமாத்தறதும் ஒண்ணு இருக்கு, நெக்ரோடைசிங் சையலோமெட்டாப்ளேசியா. சுரப்பிக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு அந்த இடம் செத்துப் போய் திடீர்னு பள்ளமா பெரிய புண் வரும், பார்த்தா கேன்சரேதான். 1973ல இதை முதல்ல விவரிச்சாங்க, அதுக்கப்புறமும் கேன்சர்னு தப்பா நினைச்சு பெரிய ஆபரேஷன் பண்ணினது உண்டு, ஆனா இது சில வாரத்துல தானா ஆறிடும்.

அதனால கடைசியா பேச வேண்டியது பயாப்ஸிதான், அதாவது ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் பண்றது. புண்ணோ கட்டியோ 2 வாரத்துக்கு மேல இருந்தா காட்டுங்க. கட்டிய முழுசா எடுத்துட்டு அப்புறம் என்னன்னு பார்க்கலாம்னு யாராவது சொன்னா, முதல்ல ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணலாமான்னு தயங்காம கேளுங்க, ஏன்னா எவ்வளவு தூரம் வெட்டணும்ங்கறதே அந்த ரிப்போர்ட்லதான் இருக்கு. சின்னத் துண்டுல சில சமயம் பிளியோமார்ஃபிக்கும் அடினாய்டு சிஸ்டிக்கும் ஒண்ணு போலவே தெரியும், அப்ப இன்னொரு பெத்தாலஜிஸ்ட்கிட்டயும் (எடுத்த துண்டை மைக்ராஸ்கோப்ல பார்க்கற டாக்டர்) ஸ்லைடைக் காட்டறது நல்லது. எலும்பு அரிச்சிருக்கான்னு சிடி ஸ்கேன் சொல்லும், நரம்பு வழியா ஏறியிருக்கான்னு பார்க்க எம்ஆர்ஐ வேணும்.

சிகிச்சையில சாதாரண கட்டிக்கும் கேன்சருக்கும் ரொம்ப தூரம். பிளியோமார்ஃபிக்னா கட்டியோட சுத்தி கொஞ்சம் தோல், அடியில எலும்பை ஒட்டியிருக்கற சவ்வு எல்லாம் சேர்த்து எடுப்பாங்க, எலும்பு பெரும்பாலும் தப்பிச்சிடும். வெறுமனே தோண்டி எடுத்தா திரும்ப வரும், ஏன்னா இங்க அதைச் சுத்தி இருக்கற உறை பல இடத்துல முழுசா இருக்காது. எடுக்காம ரொம்ப வருஷம் விட்டா அதுக்குள்ளயே கேன்சர் உருவாகற வாய்ப்பும் உண்டு. கேன்சர்னா பல நேரம் மேல்தாடை எலும்புல ஒரு பகுதியோட எடுக்கணும், வாய்க்கும் மூக்குக்கும் நடுவுல ஓட்டை விழும், குடிச்ச தண்ணி மூக்கு வழியா வரும், பேச்சு மூக்கால வரும். அந்த ஓட்டையை அடைக்க ஆப்டுரேட்டர்னு ஒரு பிளேட் உண்டு, இல்லைன்னா உடம்புல வேற இடத்துச் சதையையோ எலும்பையோ எடுத்து மூடுவாங்க. பிளேட்டுக்கான அளவை ஆபரேஷனுக்கு முன்னாடியே எடுத்து வச்சா கண் முழிச்ச அன்னைக்கே பேச, குடிக்க ரொம்ப உதவியா இருக்கும், இதை டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வச்சுக்கோங்க. வீரியமான வகைக்கும் அடினாய்டு சிஸ்டிக்குக்கும் பெரும்பாலும் அப்புறம் ரேடியேஷனும் இருக்கும்.

ஒரு முக்கியமான விஷயம், அடினாய்டு சிஸ்டிக்ல 5 வருஷம் நல்லா இருந்தாச்சு, இனி பரிசோதனை வேண்டாம்னு நிறுத்தவே கூடாது. 10, 15 வருஷம் கழிச்சுக் கூட அதே இடத்துலயோ நுரையீரல்லயோ திரும்ப வர்ற வகை அது, அதனால அண்ணத்தைப் பார்க்கறதோட நெஞ்சு ஸ்கேனும் அப்பப்ப எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.