நாப்ளானா, ஃபோனிக்ஸ் சோதனையா?

பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுவதைக் கண்டுபிடிக்க எது உதவும் என்றால், ஆஸ்திரேலியா முழுக்க நடக்கும் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வான நாப்ளானை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். 3, 5, 7, 9-ஆம் வகுப்புகளில் நடக்கிறது. மூன்றாம் வகுப்புக்குள் பிள்ளை படத்தைப் பார்த்து ஊகித்தே சமாளிக்கப் பழகியிருக்கும், அப்புறம் வரும் அறிக்கையும் வாசிப்பில் பின்தங்கியிருக்கிறது என்று சொல்லுமே தவிர எந்த எழுத்தில் இடறுகிறது என்று சொல்லாது.

இங்கிலாந்தில் 2012 முதல் நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனை, அதாவது எழுத்துகளை ஒலியாக்கி வாசிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பது, வேறு மாதிரி. ஐந்தாறு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆசிரியர் 40 சொற்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். அதில் பாதி அர்த்தமே இல்லாத பொய்ச்சொற்கள், அவை பொய்ச்சொற்கள் என்று காட்டக் கூடவே வேற்றுகிரகவாசி படம் வேறு! மனப்பாடம் அங்கே செல்லாது. சரி, வாசித்தது புரிகிறதா என்று இது பார்க்காது, அதற்கு நாப்ளான் மாதிரி ஒன்று வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியா 2018-லேயே இந்தச் சோதனையையும் அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்துவிட்டது.