ஓநாய்: வேட்டை அனுமதியா, மந்தைக் காவலா?

ஆண்டுதோறும் வரம்பு விதித்து ஓநாய் வேட்டையை அனுமதித்தால், அவற்றோடு வாழும் கிராமத்தினரின் கோபம் தணியும் என்பது ஒரு தரப்பின் வாதம். ஆனால், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் 119 ஓநாய்களுக்கு அனுமதி பெற்ற வேட்டைக்காரர்கள், மூன்றே நாள்களுக்குள் 218 ஓநாய்களைக் கொன்றது அந்த வரம்பின் மீதான நம்பிக்கையையே குலைத்துவிட்டது.

மின்வேலி, காவல் நாய், இழப்பீடு ஆகியவற்றை நம்பும் மற்ற வழி மந்தையை நேரடியாகக் காக்கிறது என்பதால் அதுவே மேல் என்பேன். எனினும் உழைப்பெல்லாம் மேய்ப்பவர் தலையில்தான் விழுகிறது, குடல் சரிந்து கிடக்கும் ஆட்டை விடியலில் காண்பவரும் அவரே. மற்றொரு அமெரிக்க மாநிலமான கொலராடோவில் 2020 மக்கள் வாக்கெடுப்பு ஓநாய்களை மீண்டும் கொண்டுவர நூலிழையில் ஒப்புதல் தந்தபோது, ஆதரவு பெரும்பாலும் நகரங்களிலிருந்தே வந்தது. ஓநாய்கள் விடப்பட்டதோ அம்மாநிலத்தின் ராக்கி மலைத்தொடரின் மேற்குப் பக்கம், கால்நடைப் பண்ணைகள் உள்ள பகுதியில். அந்தக் காவலுக்கான செலவை வாக்களித்த நகரத்தாரும் பகிர்ந்துகொள்வதே நியாயம்.